எழுதியது எழுதியபடி

புதுச்சேரி
18.1.88

அன்புள்ள செவ்வந்திக்கு,

அமிர்தம் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் சுகம்தான். பனிக்கு அவருடைய முழங்கால் வலி மட்டும் ஜாஸ்தியாக இருக்கிறது. நீயும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? பச்சமுத்து ஜாமீனில் வந்த பிறகு இது முதல் பொங்கல். நான் வந்திருக்க வேண்டும். ஆபீசில் லீவு இல்லை என்று அம்மாவுக்கு எழுதினேன். உன்னிடம் அந்தப் பொய் வேண்டாம். நான்கு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த தம்பியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாப்பிடுகிறானா? பேசுகிறானா?

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். சுப்புராயனின் அறிக்கை இந்த முறையும் என் மேசைக்குத்தான் வந்தது. மலைப் பிள்ளைகளுக்கு அவர் நடத்தும் விடுதிக்குப் பிரான்சில் ஒரு சங்கம் உதவி செய்வது உனக்குத் தெரியும். அவர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவார், எங்கள் மொழிபெயர்ப்பு ஆபீசில் நான் அதைப் பிரெஞ்சில் மாற்றித் தர வேண்டும். தம்பி அவரிடம் ஜீப் ஓட்டிய காலத்தில், "எங்கக்கா பிரெஞ்சு படிச்சவங்க" என்று சொல்லி வாங்கித் தந்த வேலை அது. தம்பி ஜெயிலுக்குப் போன பிறகும் வேலை நிற்கவில்லை.

பழைய கைடு ஒன்றை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை அலங்காரமாக எழுதுவது அந்த ஆளுக்கு ஒரு பித்து. விடுதியின் வயதான வாட்ச்மேன் இறந்துபோனதை, "வாளியை உதைத்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறார். அது ஆங்கிலத்தில் கிண்டலாகச் சொல்வது. நாம் "மண்டையைப் போட்டான்" என்கிறோமே, அதுபோல. பிரெஞ்சில் அதற்கு "சுங்கானை உடைத்துவிட்டான்" என்பார்கள். சுங்கான் என்றால் புகை பிடிக்கும் குழாய். அப்படியே போட்டிருந்தால் சங்கத்தின் தலைவி மதாம் துய்வால் முகம் சுளித்திருப்பார். நான் "காலமானார்" என்று மாற்றினேன். அவர் எழுதியதை விட்டுவிட்டு, சொல்ல வந்ததை மொழிபெயர்க்கிறேன். தொழில் அப்படி. தம்பியை உள்ளே தள்ளியவனுக்கு என் கையால் மரியாதை தேடித் தருகிறேன். கை கூசுகிறது, செவ்வந்தி.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அமிர்தம்


கள்ளக்குறிச்சி
3.2.88

மரியாதைக்குரிய அக்காவுக்குச் செவ்வந்தியின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள். எனக்கு ஒன்றும் குறையில்லை. இவருக்கு வலது காது கேட்கவில்லை. ஸ்டேஷனில் அடித்தது. லைசென்ஸையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பகலெல்லாம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்கு நடந்ததை யாரும் உங்களிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். போன புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அதில் மூன்றாம் நாள். மலையில் வெள்ளச்சி என்கிற பெண்ணுக்குப் பிரசவ வலி. ஜீப்பை எடுத்துக்கொண்டு போகச் சொன்னது சுப்புராயன்தான். "வழியில மரம் கெடக்கும், கோடாலியப் போட்டுக்கோ, வெட்டிக்கினு போ" என்று சொன்னதும் அவர்தான். அடிவாரத்தில் புளியமரம் குறுக்கே கிடந்தது. இவர் கிளைகளை வெட்டி வழி செய்துகொண்டிருக்கும்போதே ஜீப்பில் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் போலீஸ் வந்தது. அந்த மரத்தை வெட்டிச் சாய்த்தது சுப்புராயனின் மகன் தணிகைவேலும் அவன் கூட்டாளிகளும். அது ஊருக்கே தெரியும். சுப்புராயன் வாசலில் நின்றுகொண்டு, "கோடாலி ஜீப்புல கீது, டிரைவரக் கேளுங்க" என்றார். அந்த ஒரு பேச்சுதான் அக்கா. பிறகு இங்கிலீஷில் டைப் அடித்த காகிதத்தில் இவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒரு எழுத்தும் இவருக்குப் புரியவில்லை.

வெள்ளச்சி வந்து சாட்சி சொன்னால் போதும் என்கிறார் வக்கீல். அவளுடைய மூத்த பையன் அந்த விடுதியில் படிக்கிறான். அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

நான் இங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஹையர் பாஸ் பண்ணியது இப்போது கை கொடுக்கிறது. வெளி ஆட்களுக்கும் அடித்துத் தருகிறோம். வாளி, சுங்கான் என்று நீங்கள் எழுதியதைப் படித்து வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன். அந்த மாதிரி இன்னும் சில எழுதி அனுப்புங்கள். என் இங்கிலீஷுக்கு உதவும்.

தங்கள் அன்பை வேண்டும்,
செவ்வந்தி


புதுச்சேரி
21.2.88

அன்புள்ள செவ்வந்திக்கு,

சுகமாக வந்து சேர்ந்தது உன் கடிதம். படித்த பிறகு என் சுகம் போய்விட்டது. "கோடாலி ஜீப்பில் இருக்கிறது" என்றாரா? பொய்கூட இல்லை, பார்.

நீ கேட்டதை எழுதுகிறேன். எனக்கும் மனம் வேறு பக்கம் திரும்பட்டும்.

"சவாரி கூட்டிப்போனான்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் ஏமாற்றினான் என்று அர்த்தம். பிரெஞ்சில் "படகில் கூட்டிப்போனான்" என்பார்கள். நமக்கு "காதில் பூச் சுற்றினான்". "கண் மறையக் கம்பளியை இழுத்துவிட்டான்" என்பது இன்னொன்று. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது "கண்ணில் பொடி தூவினான்". நாம் மண்ணைத் தூவுகிறோம். "தன் கூட்டுக்கு இறகு சேர்த்தான்" என்றால் ஊர்ச் சொத்தை அள்ளித் தன் வீட்டில் வைத்துக்கொண்டான் என்று பொருள். பிரெஞ்சில் "பூட்ஸுக்குள் வைக்கோல் திணித்தான்".

ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு ஒரு குட்டிச் சொல்லை ஒட்டினால் அர்த்தமே திரும்பிவிடும். படிப்பவர்கள் அங்கேதான் தடுமாறுவார்கள். நம்மிடமும் இருக்கிறது. காட்டு, கொடு இரண்டும் நல்ல சொற்கள். சேர்த்துச் சொல், காட்டிக்கொடு. ஆங்கிலத்தில் அதற்கு "கொடு" என்பதோடு ஒரு ஒட்டுச் சொல் வேண்டும். பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் வெறும் "கொடுத்தான்" போதும். "அவன் தன் டிரைவரைக் கொடுத்தான்." அவ்வளவு சின்ன வாக்கியம்.

தம்பியின் காதை நல்ல டாக்டரிடம் காட்டு. இங்கே கூட்டி வந்தாலும் சரி.

அமிர்தம்


கள்ளக்குறிச்சி
30.3.88

அக்காவுக்கு வணக்கம்.

எல்லோரும் பரவாயில்லை. அண்ணனுக்கு ஒத்தடம் கேட்டதா? நீங்கள் எழுதியவற்றை மனப்பாடம் செய்துவிட்டேன். வேலை அதிகம், அதனால் இரண்டு வரி. விடுதியின் அடுத்த அறிக்கை உங்களுக்கு எப்போது வரும்? வந்ததும் எழுதுங்கள்.

செவ்வந்தி


புதுச்சேரி
26.4.88

அன்புள்ள செவ்வந்திக்கு,

வெயில் கொளுத்துகிறது. கடல் காற்று வந்தால்தான் மூச்சு. உங்கள் பக்கம் கிணறுகளில் தண்ணீர் இருக்கிறதா?

அறிக்கை வந்தது. என்ன பொருத்தம் பார்! விடுதிக்குப் புது ஜீப் வாங்கியதைப் பற்றி, "மலைப் பிள்ளைகள் எல்லோரையும், அவர்களைப் பெற்றவர்களையும் நன்றாகச் சவாரி கூட்டிப்போனோம்" என்று எழுதியிருக்கிறார் சுப்புராயன். நான் உனக்கு எழுதிய அதே தொடர். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வழக்கம்போல, "புதிய வாகனத்தில் சுற்றுலா அழைத்துச் சென்றோம்" என்று திருத்தி அனுப்பினேன்.

முன்பெல்லாம் அவருடைய தாளில் எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கும். இப்போது சுத்தமாக இருக்கிறது. யார் அவருக்கு டைப் அடித்துத் தருகிறார்கள்? உனக்குத் தெரியுமா?

தம்பிக்கு ஒரு சட்டைத்துணி அனுப்பியிருக்கிறேன். தைத்துப் போடச் சொல்.

அமிர்தம்


கள்ளக்குறிச்சி
24.6.88

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

துணி கிடைத்தது. தைத்தாகிவிட்டது. இன்னும் போடவில்லை. கிணற்றில் தண்ணீர் குறைவு. ஜாமீன் கையெழுத்துப் போட இவர் வாராவாரம் ஸ்டேஷனுக்குப் போய்வருகிறார். பஸ்ஸில் போகாமல் நடந்தே போகிறார். பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருப்பார்களாம்.

வெள்ளச்சியைச் சந்தையில் பார்த்தேன். அந்தக் குழந்தை இடுப்பில் இருந்தது. "எம் பையன் மூணு வேளை சோறு துன்றான். நான் வாயத் தொறந்தா அவன வெளிய தள்ளிடுவாங்க. நீ எங்கிட்ட வராத" என்று சொல்லிவிட்டு, குழந்தையை மட்டும் என் கையில் கொஞ்ச நேரம் கொடுத்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அக்கா, ஒரு சந்தேகம். அவர் எழுதியதை நீங்கள் திருத்தாமல் அப்படியே விட்டால் என்ன ஆகும்? அது மொழிபெயர்ப்பில் தப்பாகுமா?

செவ்வந்தி


புதுச்சேரி
12.7.88

செவ்வந்திக்கு,

சட்டை, கிணறு, சந்தை எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. உன் கடைசிச் சந்தேகத்தைப் படித்ததும் பழைய அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டேன். உன் இன்ஸ்டிடியூட் மெஷினில் ஒரு எழுத்து வரிசைக்குக் கீழே இறங்கி விழும். உன் கடித உறையில் டைப் அடித்திருந்த விலாசத்திலும் அப்படித்தான். அறிக்கையிலும் அப்படித்தான்.

உனக்கு என்ன துணிச்சல்! அவர் கண்டுபிடித்தால் உன் வேலை போகும், தம்பியின் ஜாமீனுக்கும் ஆபத்து. அவர் கெட்டவர்தான். ஆனால் விடுதியில் ஒரு பிடி அரிசி திருடினார் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? செய்யாத குற்றத்தை ஒருவன் வாயில் திணிப்பதற்கு நான் மொழி படிக்கவில்லை. நிறுத்து.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அமிர்தம்


புதுச்சேரி
10.11.88

அன்புள்ள செவ்வந்திக்கு,

நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தீபாவளிக்கு அனுப்பிய புடவை வந்ததா என்றும் தெரியவில்லை. தம்பிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அடுத்த அறிக்கையும் வந்தது. விடுதியின் புதுக் கட்டடத்தைச் சொல்லும் இடத்தில், "உங்கள் உதவியால் எங்கள் கூட்டுக்கு நன்றாக இறகு சேர்த்துக்கொண்டோம்" என்று இருந்தது. திருத்தினேன். எத்தனை முறை வந்தாலும் திருத்துவேன். கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள். சுகமாக இருக்கிறோம் என்று ஒரு கார்டாவது போடு.

அமிர்தம்


கள்ளக்குறிச்சி
2.4.89

அக்காவுக்கு,

புடவை வந்தது. கட்டிக்கொண்டேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இதுவரை எழுதாததற்குக் காரணம் உங்கள் மேல் இருந்த கோபம்தான். இப்போது அது இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் கூட்டம். ஒதுக்கீடு கிடைத்த சந்தோஷத்தில் மாலை, பட்டாசு எல்லாம். நாங்கள் மாவு மில்லில் நின்றிருந்தோம். மைக்கில் தணிகைவேல் குரல். "அடிவாரத்துல அந்தப் புளியமரத்தச் சாச்சது யாரு? இதோ, இந்தக் கைதான்! போலீஸ் தேடிச்சி, நான் ஆப்புடல!" என்றான். சனம் கை தட்டியது. சுப்புராயன் மேடையில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் இவரைப் பார்த்தேன். கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. மாவுத் தூக்கை எடுத்துக்கொண்டு, "நீ வா" என்றார். வீட்டுக்கு வந்ததும், நீங்கள் அனுப்பிய துணியில் தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். "எங்கே?" என்றேன். "சும்மாதான். இன்னிக்கு ஊருக்கே தெரிஞ்சிடுச்சில்ல, நான் வெட்டலன்னு. நடந்துட்டு வரேன்" என்றார். போன வேகத்தில் திரும்பி வந்தார். தெருமுனையில் ஒருவன், "இன்னா பச்சமுத்து, கேசு உம்மேல, மால அவனுக்கா?" என்று கேட்டுச் சிரித்தானாம். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். மற்ற மறியல் வழக்குகளை வாபஸ் வாங்குவார்கள் என்று பேச்சிருக்கிறது. இவருடையதும் அதில் வருமா என்று வக்கீலுக்கே தெரியவில்லை.

ஆமாம் அக்கா, நான்தான் அடித்தேன். "உனுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் உங்கிட்ட குடுக்கறேன்" என்று அவரே கொண்டுவந்து கொடுத்தார். "இங்கிலீஷ்ல இப்படி ஒரு வழக்கு இருக்குதுங்க ஐயா, போடலாமா?" என்று கேட்டேன். "ஜோரா கீதே, போடு போடு" என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியட்டும் என்றுதான் செய்தேன். நீங்கள் தெரியவிடவில்லை.

இந்த வாரம் உங்களுக்கு அறிக்கை வரும். மார்கழியில் மலையில் கம்பளி கொடுத்ததைக் கேட்டு எழுதினேன். கம்பளி இருக்கிறது, சவாரி இருக்கிறது, இறகும் இருக்கிறது. இனிமேல் உங்கள் இஷ்டம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

செவ்வந்தி


புதுச்சேரி
15.4.89

செவ்வந்திக்கு,

சுகம். அறிக்கை வந்தது. எழுதியது எழுதியபடியே போயிற்று.

"மலைமக்களின் கண்ணில் நன்றாகப் பொடி தூவினோம். பிள்ளைகளைப் பெற்றவர்களோடு படகில் ஏற்றினோம். உங்கள் தயவால் எங்கள் பூட்ஸில் வைக்கோல் நிறைந்தது." பிரெஞ்சில் மூன்றும் நல்ல வாக்கியங்கள். இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

தம்பியிடம் சொல்லாதே.

அமிர்தம்


புதுச்சேரி
20.6.89

அன்புள்ள செவ்வந்திக்கு,

உன் அண்ணன் இப்போது பரவாயில்லை, மெல்ல நடக்கிறார். நான் போன வாரம் கள்ளக்குறிச்சி வழியாக வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் திரும்பியதை யாராவது சொல்லியிருப்பார்கள். மதாம் துய்வாலின் காரில் வந்து அதிலேயே திரும்பினேன். இறங்க முடியவில்லை.

அறிக்கையைப் படித்துவிட்டு அவர் பிரான்சிலிருந்து நேரே வந்துவிட்டார். "இது வேடிக்கையா, இல்லை யாராவது எங்களைக் கேலி செய்கிறார்களா?" என்று என்னிடம் கேட்டார். "அவர் எழுதியது அதுதான், மதாம்" என்றேன். பேச்சை மொழிபெயர்ப்பதற்கு என்னையே அழைத்துக்கொண்டு விடுதிக்குப் புறப்பட்டார்.

சுப்புராயன் மாலையோடு நின்றார். மதாம் மாலையை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சுப்புராயன் சிரித்த முகம் மாறாமல் என்னிடம், "இன்னாம்மா அமிர்தம், இந்தம்மா மூஞ்சியே சரியில்லியே. இன்னா கொற?" என்றார்.

"நீங்க அனுப்பன ரிப்போர்ட்டு தப்பர்த்தம் ஆயிருக்குதுங்க. ஏமாத்திட்டோம், சுருட்டிட்டோம்னு நீங்களே எழுதன மாதிரி இருக்குது. விடுதிய உங்ககிட்டருந்து எடுத்துடலாமான்னு யோசிக்கறாங்க."

செவ்வந்தி, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மலை ஜனங்கள் வழியில் பார்த்தால் ஒதுங்கி நின்று கும்பிடுவதும், மேடையில் முன்வரிசை நாற்காலியும் அந்த விடுதியால் வந்தவை. "அய்யோ, உன் தம்பி பொண்டாட்டிதாம்மா டைப் அடிச்சா! நீ எடுத்துச் சொல்லும்மா. உனுக்குத்தான் ரெண்டு பாஷையும் தெரியும்" என்றார்.

"சொல்றங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஜீப்பு விசயத்தச் சொல்லுங்க. யாரு அனுப்பனது, யாரு கோடாலி, யாரு மரம் வெட்டனது."

"அது இப்ப எதுக்கும்மா?"

"சொல்லலன்னா நான் இன்னா எடுத்துச் சொல்றது?"

மதாம், என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். தன் பழைய டிரைவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறார் என்றேன். சுப்புராயன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜீப்ப அனுப்பனது நான்தான். கோடாலியும் என்னுதுதான். மரம் வெட்டனது எம் பையன். போலீசு வந்தப்ப பையனக் காப்பாத்த வேண்டி டிரைவர் பேரச் சொல்லிட்டேன்." நான் ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். மதாம் எழுதிக்கொண்டார்.

பிறகு அறிக்கையின் பிரெஞ்சுப் படியை எடுத்து, விரலை வைத்துக் காட்டி, "இதில் எழுதியிருப்பதும் உண்மைதானா என்று கேளுங்கள்" என்றார்.

நான் சுப்புராயன் பக்கம் திரும்பினேன். "கம்பளி குடுத்தது, ஜீப்புல கூட்டிக்கினு போனது, கட்டடம் கட்டனது, எல்லாம் நெசந்தானான்னு கேக்கறாங்க" என்றேன்.

தான் கேட்டதை நான் செய்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். அவர் முகம் அப்படியே தெளிந்தது. "நெசந்தாம்மா! அத்தினியும் நெசம்! சாமி சத்தியமா நெசம்!" என்று தலையைத் தலையை ஆட்டினார்.

"எல்லாம் உண்மை என்கிறார்" என்றேன்.

மதாம் எழுந்து வெளியே போய்விட்டார். மாலை மேசையிலேயே கிடந்தது. சுப்புராயன் கை கூப்பியபடி காருக்குப் பின்னால் ஓடி வந்தார். "இன்னாம்மா சொன்ன? இன்னாம்மா சொன்ன?" என்று கண்ணாடியைத் தட்டினார். நான் கண்ணாடியை இறக்கவில்லை.

விடுதி இனி ஓய்வுபெற்ற ஒரு டீச்சரின் பொறுப்பில் நடக்கும். பிள்ளைகள் ஒருவரும் வெளியே போக வேண்டியதில்லை. வெள்ளச்சியிடம் இதைச் சொல். மதாம், தான் கேட்டதை உங்கள் வக்கீலுக்கு எழுதித் தருவார்.

அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

அமிர்தம்


கள்ளக்குறிச்சி
27.8.89

அன்புள்ள அக்காவுக்கு,

அண்ணன் நடக்கிறார் என்று படித்ததும் மனதுக்கு நிம்மதி. இங்கே நல்ல மழை. உங்களுக்குச் சொல்ல நல்ல சேதி, இவரைக் கோர்ட்டில் விடுதலை செய்துவிட்டார்கள்.

வெள்ளச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மரம் மொதல்லயே வுழுந்து கெடந்திச்சி சாமி. இவரு கெளையத்தான் வெட்டுனாரு. வெட்டிக்கினு இருக்கச்சொல்லதான் இவ பொறந்தா" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். இவர் கோர்ட்டிலேயே அழுதுவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் சுப்புராயன் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். இப்போது தெருவில் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்கிறார். மலையிலிருந்து வருகிறவர்கள்கூட, "கம்பளிக் காச துன்னவரு" என்று காது படவே பேசுகிறார்களாம். "பச்சமுத்து, நான் உனுக்குப் பண்ணது பாவம்தான். ஆனா நான் திருடலப்பா. உன் பொண்டாட்டியும் உங்கக்காவும் சேர்ந்து என்னத் திருடனாக்கிட்டாங்க" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அறிக்கையை யாரிடமோ காட்டி அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

அவர் போன பிறகு இவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீயா அடிச்ச?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வுட்டிருப்பியா?"

அந்தக் கம்பளி விஷயம் என்னவென்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். சிரித்துவிட்டார் அக்கா. இரண்டு வருஷத்தில் முதல் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா அந்த ஆளு நெசமாவே குடுப்பான், செவ்வந்தி. வருசா வருசம் நான்தான் ஜீப்புல ஏத்திக்கினு போய் வூட்டுக்கு வூடு குடுத்தேன். ஒண்ணு கொறையாது" என்றார்.

மறுநாள் மதாமுக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "சுப்புராயன் என்னைக் காட்டிக்கொடுத்தது நிஜம். அவர் விடுதிப் பணத்தைத் தொட்டதில்லை. கம்பளியெல்லாம் ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அறிக்கையில் இருந்தது அவர் சொன்னது இல்லை. அவர் எனக்குச் செய்ததற்கு மட்டும் அவரைத் தள்ளி வையுங்கள்" என்று இருக்கிறது. பிரெஞ்சில் மாற்றி அனுப்பும்படி அக்காவிடம் சொல் என்றார். இதோடு வைத்திருக்கிறேன்.

இவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. நெல் லாரி ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

செவ்வந்தி


புதுச்சேரி
24.9.89

அன்புள்ள செவ்வந்திக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். தம்பி லாரியில் உட்கார்ந்துவிட்டான் என்று நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. மதாம் துய்வால் தன் சங்கத்து வேலை முழுவதையும் இனி என்னிடமே தருவதாக எழுதியிருக்கிறார். என்னைப்போல் நம்பிக்கையானவர் கிடைக்க மாட்டார் என்கிறார்.

தம்பியின் கடிதத்தை அனுப்பினாய். அனுப்ப வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நீ ஒரு சொல் எழுதவில்லை. கவனித்தேன்.

அதை மொழிபெயர்த்துவிட்டேன். "அவர் எனக்குச் செய்ததற்கு மட்டும்" என்ற இடத்தில்தான் வெகு நேரம் நின்றேன். அந்த "மட்டும்" தம்பி சொன்ன மாதிரியே பிரெஞ்சில் வர மறுத்தது. கடைசியில் வந்துவிட்டது. நான் இதுவரை செய்ததில் அதுதான் சுத்தமான வேலை. மடித்து, உறையில் வைத்து, விலாசமும் எழுதிவிட்டேன். தபாலில் போடவில்லை. போடப் போவதும் இல்லை.

செய்யாத ஒன்றுக்காகச் சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். நடக்கட்டும். தம்பி இரண்டு வருஷம் நடந்தான்.

அவன் கேட்டால், அக்கா அனுப்பிவிட்டாள், பதில் வர நாளாகும் என்று சொல். பிரான்ஸ் ரொம்ப தூரம்.

உன் அன்புள்ள,
அமிர்தம்